திரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடங்கள்: மாணவர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரிகளில் செய்முறைத் தேர்வுக்கான படப்பிடிப்புகள் தொடங்கும் பருவம் இது. திரில்லர் படம் ஒன்றின் தொடக்கக் காட்சியைத் திட்டமிட்டு எடுப்பது குறித்து மாணவர்களிடமிருந்து பல கேள்விகள் வந்துள்ளன. அவை ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் இந்த இதழில் ஒருசேர எடுத்துக்கொள்கிறேன். முதல் பதிலில் வரும் எடுத்துக்காட்டு அடுத்தடுத்த பதில்களிலும் தொடர்வதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

கேள்வி: எங்கள் ஐவர் குழு ஒரு திரில்லர் படத்தின் தொடக்கத்தை இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தர வேண்டும். கல்லூரி மாணவி ஒருத்தி கடத்தப்படுகிறாள். அவளை மீட்க ஒரு துரத்தல் நடக்கிறது. கடத்தியது அவளுடைய அண்ணன்தான் என்று இறுதியில் தெரிகிறது. இதுதான் எங்கள் கதை. எவ்வளவு சுருக்கினாலும் ஆறு நிமிடத்துக்குக் குறையவில்லை. எதை வெட்டுவது?
– விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு மாணவர், திருநெல்வேலி

பதில்: எதையும் வெட்ட வேண்டாம். அந்தக் கதை முழுநீளப் படத்துக்கு உரியதாக அப்படியே இருக்கட்டும். அதன் முதல் இரண்டு நிமிடங்களை மட்டும் எடுங்கள். உங்களிடம் கேட்கப்பட்டிருப்பது குறும்படம் அன்று என்பதைக் குழுவில் உள்ள அனைவரும் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். குறும்படம் தான் எழுப்பிய கேள்விக்குத் தானே விடை சொல்லியாக வேண்டும். தொடக்கக் காட்சியோ, அடுத்த இரண்டு மணி நேரமும் பார்வையாளர் எழுந்து போகாதபடி ஒரு கேள்வியை அவர் மனத்தில் ஊன்றிவிட்டு, விடை சொல்லாமல் விலகிக்கொள்ள வேண்டும். மாணவர் படங்களில் நான் மிகுதியாகக் காணும் குறை, கொலையும் கொலைகாரனும் காரணமும் இரண்டே நிமிடத்துக்குள் வந்து நின்றுவிடுவதுதான். அதன் பின் பார்ப்பதற்கு எதுவும் மீதமிருப்பதில்லை.

திரில்லரின் தொடக்கத்தில் எழும் கேள்விகளைப் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். நடந்துவிட்டது, செய்தது யார் என்பது ஒன்று. நடக்கப்போகிறது, எப்போது என்பது மற்றொன்று. முதல் வகைக்குத் தமிழிலேயே ஒரு சிறந்த முன்னோடி உண்டு. எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த 'அந்த நாள்', பாடலே இல்லாத தமிழ்ப் படம் என்பதற்காகவே இன்று அதிகம் பேசப்படுகிறது; ஆனால் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அதன் தொடக்கத்தைத்தான். 1943 அக்டோபரில் சென்னையின் மீது ஜப்பானியர் குண்டு வீசிய நாள்களின் பின்னணியில், சிவாஜி கணேசன் ஏற்றிருக்கும் ராஜன் என்ற பாத்திரம் சுடப்பட்டு இறப்பதோடு படம் தொடங்குகிறது. யாரைப் பார்க்கத் திரையரங்குக்கு வந்தோமோ அவரையே முதலில் இழக்கிறோம். சுட்ட கை யாருடையது என்பது மறைக்கப்படுகிறது. எஞ்சிய படம் முழுவதும் அந்த ஒற்றை மறைப்பின் மீதே நிற்கிறது.

இரண்டாம் வகைக்கு, ஆர்சன் வெல்ஸ் 1958இல் எடுத்த 'டச் ஆஃப் ஈவில்' படத்தின் முதல் ஷாட்டைச் சொல்வேன். ஒரு காரின் பின்பெட்டியில் நேரம் குறித்த வெடிகுண்டு வைக்கப்படுகிறது. அதை அறியாத இருவர் அந்தக் காரில் ஏறிச் செல்கின்றனர். மூன்று நிமிடங்களுக்கு மேல் ஒரு வெட்டுகூட இல்லாமல் கேமரா அந்தத் தெருவில் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. அங்கே பார்வையாளரிடமிருந்து குண்டு மறைக்கப்படவில்லை. நமக்குத் தெரிந்தது காரில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை என்பதிலிருந்துதான் பதற்றம் பிறக்கிறது.

இரண்டில் எதைக் கேட்கப் போகிறீர்கள் என்பதைக் கதை விவாதத்தின் முதல் நாளிலேயே முடிவு செய்துவிடுங்கள். உங்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். அண்ணன் தன் பைக்கில் தங்கையைப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, 'பார்த்துப் போ' என்று சொல்லிச் செல்கிறான். பேருந்து வந்து நின்று, நம் பார்வையை மறைத்து, புறப்பட்டுச் செல்கிறது. நிறுத்தத்தின் பெஞ்சில் அவளுடைய பை மட்டும் இருக்கிறது. அதற்குள் கைப்பேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. திரையில் 'அண்ணன்' என்று பெயர் தெரிகிறது. இவ்வளவு போதும். துரத்தலும் வேண்டாம், கட்டிப்போட்ட அறையும் வேண்டாம். இறுதியில் அண்ணனே குற்றவாளி என்று தெரியும்போது, இந்த முதல் காட்சியின் ஒவ்வொரு விநாடியும் வேறு பொருள் கொள்ளும் என்பதை உங்கள் எழுத்துக் குறிப்பில் விளக்கினால், மதிப்பிடுபவர் அதை நிச்சயம் கவனிப்பார்.

மற்ற வாசகர்களுக்கும் பயன்பட இன்னொரு காட்சியை இங்கே முழுமையாகச் சொல்கிறேன். இரவு பத்து மணி. ஒரு மருந்துக் கடையின் ஷட்டர் பாதி இறக்கப்பட்டிருக்கிறது. கடைக்காரர் நாள்காட்டியில் அன்றைய தாளைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டு, ஷட்டருக்கு முதுகு காட்டி நின்று கல்லாப் பணத்தை எண்ணுகிறார். ஷட்டருக்கும் தரைக்கும் இடையே உள்ள வெளிச்சத்தில் இரண்டு கால்கள் வந்து நிற்கின்றன. அவை எதுவும் கேட்கவில்லை, நகரவும் இல்லை. அவர் எண்ணிக்கொண்டே இருக்கிறார். பிறகு ஒரு மருந்துச்சீட்டு உள்ளே தள்ளப்படுகிறது. எடுத்துப் பார்க்கிறார். நோயாளியின் பெயர் எழுதும் இடத்தில் அவருடைய பெயரே இருக்கிறது, தேதி நாளையது. ஷட்டரைத் தூக்கிப் பார்க்கும்போது தெருவில் ஒருவருமில்லை. படத்தின் தலைப்பு வருகிறது.

இதற்குத் தேவை ஒரு நடிகர், இன்னொருவரின் கால்களும் கையும், ஒரு கடை, ஒரு தாள். சீட்டில் உள்ள பெயர் கடைக்காரருடையதுதான் என்பதைப் பார்வையாளர் அறிய, சுவரில் மாட்டியிருக்கும் மருந்து விற்பனை உரிமத்தை முன்னதாகவே ஒரு ஷாட்டில் காட்டிவிட வேண்டும். தேதியின் விபரீதம் புரிய, நாள்காட்டித் தாள் முன்பே கண்ணில் பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டு விவரங்களையும் முதல் முப்பது விநாடிக்குள், வலியுறுத்தாமல், வேறொரு செயலுக்கு இடையே நுழைத்துவிடுவதுதான் இந்தக் காட்சியில் உள்ள உண்மையான எழுத்துவேலை.

கேள்வி: ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டு கட்டாயம் என்கிறார்கள். எங்கள் குழுவில் யாருக்கும் வரையத் தெரியாது. எழுத்தில் திட்டமிட்டால் போதாதா?
– இதழியல் மாணவி, கோயம்புத்தூர்

பதில்: வரையத் தெரியாவிட்டால் படம் பிடியுங்கள். எடுக்கப்போகும் அதே இடத்துக்கு, எடுக்கப்போகும் அதே நேரத்தில் சென்று, குழுவில் ஒருவரை நிற்கவைத்து, ஒவ்வொரு ஷாட்டையும் கைப்பேசியில் புகைப்படமாக எடுத்துவிடலாம். கோட்டுருவத்தில் அழகாக வரையப்பட்ட ஸ்டோரிபோர்டு சொல்லாத உண்மைகளை இந்தப் புகைப்படங்கள் சொல்லும்: பின்சுவர் எவ்வளவு அருகில் இருக்கிறது, கேமராவைத் தரையில் வைத்தால் கவுன்டர் மறைக்கிறதா, கண்ணாடி அலமாரியில் படம் எடுப்பவரின் உருவம் பிரதிபலிக்கிறதா என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். பிறகு அந்தப் படங்களை எடிட்டிங் மென்பொருளில் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் நினைத்த விநாடிகளைக் கொடுத்து, தற்காலிக ஒலிகளைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் கதை புரியவில்லை, எந்த இடத்தில் சலிப்பு வருகிறது என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே அறிய இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

எழுத்துத் திட்டமும் வேண்டும். காட்சியை ஒவ்வொரு ஷாட்டாகப் பிரித்து எழுதும் ஷாட் டிவிஷன் என்னும் வடிவில் அது இருக்கட்டும். மருந்துக் கடைக் காட்சியை நான் பிரித்தால் ஏறத்தாழ 22 ஷாட்டுகள் வரும். 120 விநாடிக்கு 22 ஷாட் என்றால் ஒன்றுக்குச் சராசரி ஐந்தரை விநாடி. பதற்றத்தை மெதுவாக ஏற்றும் காட்சிக்கு இது பொருத்தமான அளவு. ஆனால் படப்பிடிப்பில் ஒரு ஷாட்டுக்குக் கேமராவை நகர்த்தி, விளக்கைச் சரிசெய்து, ஒத்திகை பார்த்து, மூன்று டேக் எடுக்கப் புதியவர்களுக்குக் குறைந்தது 15 நிமிடம் ஆகும். 22 ஷாட்டுகளுக்கு ஐந்தரை மணி நேரம். கடையை மூடிய பிறகு இரவு பத்தரைக்குத் தொடங்கினால் விடியற்காலை நான்கு மணி. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான், எந்த ஷாட்டுகள் இன்றியமையாதவை என்ற பேச்சு குழுவில் உண்மையாகவே தொடங்கும்.

எடுக்கும் வரிசை கதையின் வரிசையாக இருக்க வேண்டியதில்லை. ஷட்டரை நோக்கிய ஷாட்டுகளையெல்லாம் ஒருசேர எடுத்து முடித்துவிட்டு, கேமராவையும் விளக்கையும் ஒரே முறை திருப்பி, கடைக்காரரின் முகத்தை நோக்கிய ஷாட்டுகளை எடுங்கள். சீட்டு, நாள்காட்டி, உரிமம், பணம் எண்ணும் விரல்கள் ஆகிய குளோஸ்-அப்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். நேரம் போதாவிட்டால் அவற்றை மறுநாள் வேறோர் அறையில் பேட்ச் ஷாட்டுகளாக, அதாவது விடுபட்டதைப் பின்னர் எடுத்து இணைக்கும் ஷாட்டுகளாக, எடுத்துவிட முடியும். ஆனால் உரிமத்தையும் நாள்காட்டியையும் கடைக்காரரிடம் கேட்டுப் புகைப்படமாவது எடுத்து வைத்திருங்கள்.

கடைக்காரருக்கும் ஷட்டருக்கும் இடையே ஒரு கற்பனைக் கோடு இருக்கிறது. கேமரா அந்தக் கோட்டின் ஒரு பக்கத்திலேயே, 180 டிகிரிக்குள் நிற்கும்வரை, ஆபத்து எந்தத் திசையில் நிற்கிறது என்பது பார்வையாளருக்குக் குழம்பாது. கோட்டைத் தாண்டினால் கடைக்காரர் கால்களைப் பார்த்தபடி பணம் எண்ணுவது போன்ற தோற்றம் வந்து, காட்சியின் உயிரே போய்விடும். பிரிட்டனின் பள்ளி ஊடகவியல் பாடத்திட்டம் ஒன்றில், முதன்மைப் பணிக்கு முன்னதாக ஒரு சிறு பயிற்சி பல ஆண்டுகள் கட்டாயமாக இருந்தது. ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, மற்றொருவருக்கு எதிரே அமர்ந்து, ஓரிரு வரி பேச வேண்டும். செயல் அறுபடாமல் வெட்டுவது, எதிரெதிர் ஷாட்டுகள், 180 டிகிரி விதி ஆகிய மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். உங்கள் குழுவும் ஒரு மாலை நேரத்தில் இதை எடுத்து, தொகுத்துப் பார்த்துவிட்டு முதன்மைப் படப்பிடிப்புக்குச் செல்லுங்கள்.

கேள்வி: கேம்பிரிட்ஜ் ஏ.எஸ். (மேல்நிலைப் பள்ளித் தேர்வின் முதல் நிலை) ஊடகவியல் பாடத்துக்காக, பெயர் அட்டைகளோடு கூடிய படத் தொடக்கம் ஒன்றை எடுக்கிறேன். இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பெயர்களை எங்கே போடுவது, தமிழில் போடலாமா?
– பன்னாட்டுப் பள்ளி மாணவர், கோலாலம்பூர்

பதில்: பெயர் அட்டைகளை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதால்தான் அவை முகத்தின் மீதும் முக்கியமான பொருளின் மீதும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஷாட் டிவிஷனிலேயே ஒரு பத்தி ஒதுக்கி, எந்த ஷாட்டில் எந்தப் பெயர், சட்டகத்தின் (ஃபிரேமின்) எந்தப் பக்கம் என்று எழுதிவிடுங்கள். 12 அட்டைகள், ஒவ்வொன்றுக்கும் 3 விநாடி என்றால் 36 விநாடி. உங்கள் நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அந்த ஷாட்டுகளில் நடிகரை ஒரு பக்கமாக நிறுத்தி, மறுபக்கத்தை இருட்டாகவோ வெறுஞ்சுவராகவோ விட்டு எடுக்க வேண்டும். வழக்கமான வரிசை, தயாரிப்பு நிறுவனத்தில் தொடங்கி, முதன்மை நடிகர்கள், தலைப்பு, பிற நடிகர்கள், இசை, படத்தொகுப்பு, ஒளிப்பதிவு, தயாரிப்பாளர், எழுத்து என்று சென்று இயக்குநரில் முடியும். தலைப்பை மட்டும் இறுதிக்குத் தள்ளுவதும் உண்டு. மருந்துக் கடைக் காட்சிக்கு அதுவே பொருந்தும். கால்கள் வந்து நின்ற பிறகு ஒரு பெயர்கூட வரக் கூடாது என்பது என் கருத்து. பார்வையாளர் ஷட்டருக்கடியில் உள்ள இடைவெளியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது. எழுத்து வந்தால் கண் அதை வாசிக்கப் போய்விடும்.

தமிழில் போடுவதைப் பற்றி உங்கள் ஆசிரியரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அனுமதி உண்டென்றால் தயங்காமல் போடுங்கள். ஒரே எச்சரிக்கை: சில எடிட்டிங் மென்பொருள்களில் தமிழ் எழுத்துகள் சிதையும், கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். உரை அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், தமிழ் ஒழுங்காகத் தெரியும் வேறொரு வரைகலை மென்பொருளில் ஒவ்வொரு அட்டையையும் பின்னணி இல்லாத படமாக உருவாக்கி, அதைக் காட்சியின் மேல் வைத்துவிடலாம். இறுதிக் கோப்பில் ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி, எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

கேள்வி: இரவுக் காட்சியைக் கைப்பேசியில் எடுத்தால் படம் புள்ளி புள்ளியாக இரைச்சலோடு வருகிறது. டியூப் லைட் இருக்கும் இடத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. விளக்குகளை வாடகைக்கு எடுக்க வசதியில்லை.
– பட்டயப் படிப்பு மாணவர், தஞ்சாவூர்

பதில்: முதலில் பட்டைகள். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. அதனால் டியூப் லைட்டும் பல மலிவான எல்.இ.டி. விளக்குகளும் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கைப்பேசியின் கேமராவோ பெரும்பாலும் விநாடிக்கு 30 சட்டகங்களில், ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு சட்டகத்துக்கும் கேமரா ஒளியை ஏற்கும் நேரத்தை) தானே மாற்றிக்கொண்டு படம் பிடிக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் பட்டை ஓடுகிறது. விநாடிக்கு 25 சட்டகங்கள், ஷட்டர் வேகம் 1/50 என்று பூட்டிவிட்டால் பெரும்பாலும் பட்டைகள் மறைந்துவிடும். அசைவும் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். இந்தப் பூட்டுதலுக்குப் பல கைப்பேசிகளோடு வரும் கேமரா செயலி போதாது. 'பிளாக்மேஜிக் கேமரா' என்ற இலவசச் செயலி இப்போது ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் கிடைக்கிறது; 'ஓப்பன் கேமரா' ஆண்ட்ராய்டில் நெடுங்காலமாக இருப்பது. குவியத்தையும் எக்ஸ்போஷரையும் (படத்தின் ஒளி அளவையும்) வெள்ளைச் சமநிலையையும் (நிறங்கள் இயல்பாகத் தெரியவைக்கும் அமைப்பையும்) அதிலேயே பூட்டிவிடுங்கள். நடிகர் நகரும்போது படம் தானாக வெளுத்துக் கறுத்தால், அது கைப்பேசிப் படம் என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது இரைச்சல். இருட்டைக் காட்ட இருட்டில் எடுக்க வேண்டும் என்று நினைப்பதே சிக்கலின் வேர். கேமராவுக்கு ஒளி போதாதபோது அது ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளி உணர்திறன் அளவைத் தானாக உயர்த்துகிறது. புள்ளிகள் அங்கிருந்துதான் வருகின்றன. சட்டகத்தில் ஓரிடத்திலாவது நல்ல ஒளி விழுமாறு செய்து, அந்த ஒளிக்கு எக்ஸ்போஷர் வைத்து, மற்ற பகுதிகளைத் தாமாகவே இருளில் விழ விடுங்கள். மருந்துக் கடையில் மேலே உள்ள விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, கவுன்டரின் மேல் ஒரு மேசை விளக்கு மட்டும் எரியட்டும். அதன் ஒளி பணம் எண்ணும் கைகளிலும் முகத்தின் கீழ்ப்பகுதியிலும் விழும். முகம் மிகவும் இருண்டால் ஒரு தெர்மாகோல் அட்டையை எதிர்ப்புறம் பிடித்தால் போதும். ஷட்டருக்கு வெளியே இன்னொரு விளக்கைத் தரையோடு தரையாக வைத்து உள்நோக்கித் திருப்புங்கள். அப்போதுதான் கால்கள் வந்து நிற்கும்போது அவற்றின் நிழல் நீண்டு கடைக்குள் விழும். முடிந்தால் வாசல் தரையில் தண்ணீர் தெளித்துவிடுங்கள். ஈரத்தரை ஒளியைத் திருப்பித் தரும். தெளிப்பதற்கு முன் மின்கம்பிகளை மேலே தூக்கிக் கட்டிவிட வேண்டும். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

தெரு தெரியும் அகன்ற ஷாட்டுகளை நள்ளிரவில் எடுக்காமல், சூரியன் மறைந்த பிறகு வரும் அந்திப் பொழுதில் எடுங்கள். நம் பகுதியில் அந்த நீல ஒளி 20 நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் நிற்கும். எனவே கேமராவை முன்பே நிறுத்தி, ஒத்திகையை முடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்குள் இரண்டு அல்லது மூன்று ஷாட்டுகள்தான் எடுக்க முடியும் என்று திட்டமிடுங்கள். அதற்கு மேல் ஆசைப்பட்டால் எல்லாமே அரைகுறையாகும். ஜூம் செய்யாதீர்கள், கைப்பேசியின் முதன்மை லென்ஸைப் பயன்படுத்தி, அருகில் செல்லுங்கள். ட்ரைபாட் கட்டாயம் வேண்டும். கடைக்காரர் ஷட்டரைத் தூக்கித் தெருவைப் பார்க்கும் ஒரு ஷாட்டை மட்டும் கையில் பிடித்து எடுத்தால், அதுவரை அசையாதிருந்த படம் முதன்முறையாக நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு அப்போது ஒரு காரணம் இருக்கும்.

கேள்வி: படம் ஓரளவு நன்றாக வருகிறது, ஒலிதான் கெடுத்துவிடுகிறது. வெளிவந்த ஒரு படத்தின் பின்னணி இசையை எடுத்துப் போட்டால் பதற்றம் உடனே வந்துவிடுகிறது. மாணவர் பணிதானே, அப்படிச் செய்யலாமா?
– பல்கலைக்கழக மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: செய்யாதீர்கள் தங்கையே. உரிமைச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். அந்த இசை தரும் பதற்றம் உங்களுடையது அன்று. இசையை நீக்கிவிட்டுப் பார்த்தால் காட்சி வெறுமையாகத் தோன்றும். மதிப்பிடும் ஆசிரியரும் அதைத்தான் செய்து பார்ப்பார்.

பொதுப் பயன்பாட்டு உரிமத்தோடு கிடைக்கும் இசையைத் தேடும்போது உரிமத்தின் நிபந்தனைகளை முழுமையாகப் படியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் சில, படைத்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்கின்றன; சில, வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. 'மாற்றம் செய்யக் கூடாது' என்ற நிபந்தனை உள்ளவற்றை நீங்கள் அறவே பயன்படுத்த முடியாது; ஏனெனில் அசையும் படத்தோடு இசையைப் பொருத்துவதையே அந்த உரிமங்கள் மாற்றமாகக் கருதுகின்றன. பலர் அறியாமல் தவறும் இடம் இது. ஒலித் துணுக்குகளுக்கு, பார்சலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய 'ஃப்ரீசவுண்ட்' தளம் மிக நல்லது. அங்கும் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமம் வேறுபடும்.

ஆனால் இந்தக் காட்சிக்கு இசை தேவையா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். மருந்துக் கடையில் என்னென்ன ஒலிகள் இருக்கின்றன? ரூபாய்த் தாள்கள் உரசும் ஒலி, மின்விசிறி, தொலைவில் ஒரு நாய், காற்றில் லேசாக அதிரும் ஷட்டர். இவற்றோடு ஒரு ஃபிரிட்ஜும் உண்டு. பொதுவாக உட்புறப் படப்பிடிப்பில் ஒலிப்பதிவாளர் செய்யும் முதல் வேலை ஃபிரிட்ஜை அணைப்பது. மருந்துக் கடையில் அதைத் தொடவே கூடாது. இன்சுலின் போன்ற மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அணைக்க முடியாத அந்த ரீங்காரத்தையே கதைக்குப் பயன்படுத்துங்கள். அதை அருகில் சென்று தனியாகப் பதிவு செய்து, தொடக்கத்திலிருந்து தொடர்ந்து ஒலிக்க விடுங்கள். கால்கள் வந்து நின்ற சில விநாடிகளில், கம்ப்ரஸர் தானாக நிற்பதுபோல் அந்த ரீங்காரத்தை நிறுத்திவிடுங்கள். அதுவரை அப்படியோர் ஒலி இருந்ததையே உணராத பார்வையாளர், அது நின்றதும் நிமிர்ந்து உட்காருவார். ஒரு வயலின் கூட்டம் செய்யும் வேலையை அந்த நிறுத்தம் செய்துவிடும்.

இந்தக் காட்சியில் வசனம் இல்லாததால் ஒலிகளை எல்லாம் பிறகு தனித்தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். வசனம் உள்ள காட்சியென்றால், இரண்டாவது கைப்பேசி ஒன்றை ஒலிப்பதிவுக்கு மட்டும் வைத்து, சிறிய காலர் மைக்கைச் சட்டைக்குள் பொருத்தி, ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கிளாப் அடித்து அல்லது கைதட்டி, படத்தையும் ஒலியையும் பின்னர் ஒட்டவைக்க வேண்டும். எதுவானாலும், கிளம்புவதற்கு முன் அனைவரும் அசையாமல் நின்று, அந்த இடத்தின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வெட்டுகளுக்கு இடையே ஒலி அறுபடாமல் இருக்க அது மிகவும் பயன்படும்.

கேள்வி: தெருவிலும் ரயில் நிலையத்திலும் எடுக்க அனுமதி வேண்டுமா? பொம்மைத் துப்பாக்கி ஒன்று பயன்படுத்துகிறோம்.
– விஸ்காம் மாணவர், சென்னை

பதில்: ரயில் நிலையத்தில் ரயில்வே நிர்வாகத்தின் முன் அனுமதியின்றி எடுக்கக் கூடாது, விண்ணப்பிக்கப் போதிய காலமில்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். தனியார் கடை, வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்துமூலமான ஒப்புதல் பெறுங்கள். தெருவுக்குக் கல்லூரியின் கடிதத்தோடு சென்று காவல் நிலையத்தில் முன்கூட்டியே தெரிவித்து அனுமதி பெறுவதே பாதுகாப்பு. பொம்மைத் துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுக்கவே வேண்டாம். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது பொம்மையென்று தெரியாது, விளைவு விபரீதமாகலாம். அதைவிட, உங்கள் கதைக்கு உண்மையில் துப்பாக்கி தேவையா என்று மீண்டும் ஒருமுறை யோசியுங்கள். முன்பின் கையாண்டு பழகாத ஒருவர் அதைப் பிடித்திருப்பது திரையில் பொய்யாகவே தெரியும்.

கேள்வி: எல்லாம் எடுத்துவிட்டோம். தொகுத்துப் பார்த்தால் பதற்றமே இல்லை. வேகமாக வெட்டினால் சரியாகுமா? சமர்ப்பிக்க ஒரு வாரமே உள்ளது.
– மூன்றாம் ஆண்டு மாணவி, சேலம்

பதில்: வேகமாக வெட்டினால் பரபரப்பு வரும், பதற்றம் வராது. பார்வையாளர் எதை எப்போது அறிகிறார் என்ற வரிசையை முதலில் சரிபாருங்கள். மருந்துக் கடைக் காட்சியில், கால்கள் வந்து நிற்பதைக் கடைக்காரர் திரும்பிப் பார்த்த பிறகு காட்டினால் அது ஒரு கணத் திடுக்கிடல். அவர் அறியாமல் பணம் எண்ணிக்கொண்டிருக்கும்போதே நமக்குக் காட்டி, அந்த ஷாட்டை வெட்டாமல் எட்டு, பத்து விநாடி நிறுத்தினால், 'திரும்பிப் பார், திரும்பிப் பார்' என்று மனம் தவிக்கும். உங்கள் படத்திலும் அப்படியோர் ஷாட் இருக்கும். அதைச் சுருக்கி வைத்திருப்பீர்கள். அதை நீட்டுங்கள். அதற்கு வேண்டிய விநாடிகளைத் தொடக்கத்தில் உள்ள நடந்துவரும் ஷாட்டுகளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் படங்களில் தெருவில் நடந்துவருவது எப்போதும் தேவைக்கு மேல் இருக்கிறது.

பிறகு, கதை தெரியாத நான்கைந்து பேருக்குத் தனித்தனியாகக் காட்டி, 'பிடித்ததா' என்று கேட்காமல், 'இனி என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்' என்று ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். அனைவரும் ஏறத்தாழ ஒரே கேள்வியை எழுதினால் படம் வேலை செய்கிறது. ஆளுக்கொன்று எழுதினால், தேவையற்ற தகவல் ஏதோ உள்ளே இருக்கிறது. 'அந்த ஆள் யார், அவன் என்ன செய்தான்' என்று காட்சியில் நடந்ததையே கேட்டால், ஒரு விவரம் பார்வையாளரின் கண்ணில் படவில்லை. அதற்கு ஒரு பேட்ச் ஷாட் எடுக்க உங்களுக்கு இன்னும் நேரமிருக்கிறது.

நிறச் சீரமைப்புக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். 'டாவின்சி ரிசால்வ்' மென்பொருளின் இலவசப் பதிப்பே இதற்குத் தாராளமாகப் போதும். நீலமும் பச்சையும் அளவுக்கு மீறிப் பூசாமல், ஷாட்டுக்கு ஷாட் தோலின் நிறம் மாறாமலிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எடுத்தபோது வைத்த அதே 25 சட்டக அமைப்பில் ஏற்றுமதி செய்து, சமர்ப்பிப்பதற்கு முந்தைய நாள் கல்லூரி அரங்கின் திரையிலும் ஒலிபெருக்கியிலும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். மடிக்கணினியில் தெரிந்த இருட்டு விவரங்கள் புரொஜெக்டரில் முற்றிலும் கறுத்துப்போவதும், கைப்பேசி ஒலிபெருக்கியில் கேட்காத தாழ்ந்த இரைச்சல் அரங்கில் பெரிதாக ஒலிப்பதும் வழக்கம். அன்று கண்டுபிடித்தால் ஒளியைச் சற்று உயர்த்தியும் ஒலியைத் தாழ்த்தியும் அன்றிரவே சரிசெய்துவிடலாம்.